மாட்டைத் தேடும் நுளம்பும் 80,000 மரணங்களும்

"வளவில் மாடு நின்றால் நுளம்பு மனுசரை விட்டுவிடும்" என்று எமது மூத்தவர்கள் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது உறவுகளே. மறுபாதியை அறிய எமது நாட்டின் 1934-35 வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் அனோபிலிஸ் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன் பிறகு ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள்: இந்த நுளம்பு யாருடைய இரத்தத்தை விரும்புகிறது? நுளம்பின் வயிற்றிலுள்ள இரத்தம் மனிதனுடையதா, மாட்டினுடையதா என்று சோதிக்கும் முறையும் வந்தது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய பிரதான நுளம்பு அனோபிலிஸ் கூலிசிபேசிஸ். அது பெரும்பாலும் தேடிப் போவது மாட்டைத்தான்.

இது எமக்கு ஏன் முக்கியம்? மனித மலேரியாக் கிருமி மாட்டில் வளராது. நோய் பரவ வேண்டுமானால் ஒரே நுளம்பு இரண்டு தடவை மனிதரைக் கடிக்க வேண்டும். நோயாளியிடம் கிருமியை எடுத்து, சுமார் பத்து நாட்களோ அதற்கு மேலோ உயிரோடிருந்து, பிறகு இன்னொருவரைக் கடிக்க வேண்டும். பத்துக் கடியில் ஒன்றுதான் மனிதருக்கு என்று வைத்துக்கொண்டால், இரண்டு கடியும் மனிதருக்கே விழும் வாய்ப்பு நூறில் ஒன்று. மூத்தவர்கள் சொன்ன பாதி உண்மை இதுதான்.

ஆனால் நுளம்பின் தொகை பல மடங்கு கூடினால் நூறில் ஒன்றே போதும். 1934இல் நடந்தது அதுதான். தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் வேகமாக ஓடி நுளம்புக் குடம்பிகளை அடித்துச் செல்லும் மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை ஆகியவை வற்றின. மணலுக்கும் பாறைக்கும் இடையே வெயில் படும் தெளிந்த குட்டைகள் மிஞ்சின. இந்த நுளம்பு முட்டையிட விரும்புவது அப்படிப்பட்ட நீரில்தான். கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களில் பலருக்கு, உலர் வலய மக்களைப் போல அடிக்கடி மலேரியா கண்டு வந்த எதிர்ப்புச் சக்தி இல்லை. விளைச்சலும் இல்லை, வயிறும் காய்ந்திருந்தது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். சூரியமல் இயக்கத் தொண்டர்கள் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டு போனார்கள்.

1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி தெளித்தார்கள். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் ஓய்வெடுக்கும்போது செத்தது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர்களே பதிவானார்கள். "முடிந்தது" என்று தெளிப்பதை நிறுத்தினோம். 1969 ஆகும்போது ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் காய்ச்சலில் விழுந்தார்கள். பிறகு பல தசாப்த உழைப்பு. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் எமக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைத் தந்தது.

அதே காலப்பகுதியில் மன்னாரில் ஒரு புதிய விருந்தாளி கண்டுபிடிக்கப்பட்டது: அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் நுளம்பு அது. அதற்கு ஆறு வற்றத் தேவையில்லை. கிணறும் தண்ணீர்த் தாங்கியும் போதும். மாடு இருந்தால் மாட்டைக் கடிக்கும். மாடில்லாத நகரத்தில் எம்மைத்தான் கடிக்கும்.

ஆகவே மாட்டை நம்பி இருக்க முடியாது. வீட்டுக் கிணற்றையும் தாங்கியையும் வலையால் மூடுவோம். பள்ளிவாசல் ஹவுளையும் குடம்பி இருக்கிறதா என்று பார்ப்போம். பீ.எச்.ஐ. வந்தால் முகம் சுளிக்காமல் கிணற்றைக் காட்டுவோம். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் பனடோலோடு நிறுத்தாமல், போய் வந்த நாட்டை டொக்டரிடம் சொல்லி மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கச் செய்வோம். சோதனை அரச ஆஸ்பத்திரியில் இலவசம்.

டி.டி.ரி அடிக்க வந்தவர்களை நினைவிருக்கும் மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். எமது பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் கிடைக்காது.