வீட்டு மேசையில் நகைத் தொழில்: முகநூலில் போடுமுன் எழுத வேண்டிய கணக்கு

எசன் பிரதான தொடருந்து நிலையத்தை விட்டு நகர மையப் பக்கமாக வெளியே வந்தால், எதிரேயுள்ள கட்டிடத்தின் உச்சியில் 'கொள்வனவு நகரம்' என்று பொருள்படும் யேர்மன் எழுத்துகள் பல ஆண்டுகளாகத் தெரிந்தன. அந்த நகரத்தில் கடை வாடகைக்கு எடுக்க எமது குடும்பங்கள் பலவற்றுக்கு வசதியில்லை. ஆனால் சமையலறை மேசையில் மணி கோர்த்து, பட்டுநூல் வளையல் சுற்றி, அரங்கேற்றத்துக்கு நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் செய்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்ரகிராமிலும் விற்கும் பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடைகளில் பார்த்துப் பழகிய வேலைப்பாட்டை இங்கே பிறந்த பிள்ளைகளும் விரும்பி அணிகிறார்கள். இந்த உழைப்பு வருமானமாக நிலைக்க வேண்டுமானால், படம் போடுவதற்கு முன்பே சில விடயங்களை நாம் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் அனுமதி

வதிவிட அட்டையில் சுயதொழிலுக்கு இடமுண்டா என்று பார்க்க வேண்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுயதொழில் செய்யலாம். தஞ்சக் கோரிக்கை விசாரணையில் இருப்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை. வேறு வகை விசாவில் இருப்பவர்கள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவது நல்லது.

அனுமதி இருந்தால் நகரசபையில் 'கெவெர்ப' பதிய வேண்டும். பதிந்து ஒரு மாதத்துக்குள் 'எல்ஸ்ரர்' வழியாக வரி அலுவலகத்தின் கேள்விக்கொத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். தங்கம், வெள்ளியில் பத்தர் வேலை செய்பவர்கள் கைவினைஞர் சபையிலும் பதிய வேண்டும். எசனுக்குரிய சபை டுசில்டோர்வில் உள்ளது. இத்தொழிலுக்கு 2004 முதல் 'மைஸ்ரர்' பட்டம் கட்டாயமில்லை.

சிறுதொழில் செய்வோருக்கு விற்பனை வரியிலிருந்து விலக்கு உண்டு. முந்தைய ஆண்டின் மொத்த விற்பனை 25,000 யூரோவைத் தாண்டியிருக்கக்கூடாது என்பது 2025 முதல் உள்ள எல்லை. தொடங்கும் ஆண்டுக்கும் அதே 25,000தான். இது விற்பனைத் தொகை, இலாபம் அல்ல. விலக்குப் பெற்றவர் பற்றுச்சீட்டில் வரியைத் தனியாகக் காட்டக்கூடாது.

யொப்சென்ரர் உதவி பெறும் குடும்பம் சிறு வருமானத்தையும் அறிவிக்க வேண்டும். கணவரின் மருத்துவக் காப்புறுதியில் குடும்ப உறுப்பினராக இருக்கும் மனைவியின் மாத வருமானம் 2026இல் 565 யூரோவைத் தாண்டினால் அந்தக் காப்புறுதி இல்லாமல் போகலாம். இங்கே பார்க்கப்படுவது செலவு போக மிஞ்சும் தொகை. ஆகவே மணி, நூல், பெட்டி வாங்கிய ஒவ்வொரு சிட்டையும் பணத்துக்குச் சமம். அவற்றை 8 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

விலை போடும் கணக்கு

ஒரு சோடி ஜிமிக்கியை 12 யூரோவுக்கு விற்பதாக வைப்போம். பொருட்களுக்கு 4, பெட்டிக்கு 1 போக 7 மிஞ்சுகிறது. செய்ய 40 நிமிடம் என்றால் மணிக்கு 10.50. படம் எடுக்க, கேள்விகளுக்குப் பதில் எழுத, தபாலில் சேர்க்க இன்னும் 20 நிமிடம் என்றால் மணிக்கு 7 யூரோதான். யேர்மனியில் 2026இல் குறைந்தபட்ச மணிச் சம்பளம் 13.90. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே' என்று அந்த நேரத்தை விலையில் சேர்க்காமல் விட்டால், அதிகம் விற்க விற்க அதிகம் களைப்பதுதான் மிச்சம். விலையைக் கூட்ட வேண்டும், அல்லது ஒரே மாதிரியைப் பத்துச் சோடியாகச் செய்து நேரத்தைக் குறைக்க வேண்டும்.

எதைக் காட்டுவது, எதைச் சொல்வது

பெரிய கடையால் காட்ட முடியாதது செய்யும் கை. நூல் சுற்றும், கல் பதிக்கும் அரை நிமிடக் காட்சி, முடிந்த நகையின் பளபளப்பான படத்தைவிட நம்பிக்கை தரும். அளவுகோலை அருகில் வைத்து ஒரு படம், அணிந்தபடி ஒரு படம், நிறை எத்தனை கிராம் என்ற குறிப்பு, தமிழிலும் யேர்மனிலும் இரண்டு வரி விளக்கம் போதும். சாமத்தியவீடு, அரங்கேற்றம், கோவில் திருவிழாக் காலங்களுக்கு ஆறு வாரம் முன்பே பதிவிடத் தொடங்க வேண்டும். ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு முதல் வாரத்தில் விளம்பரம் செய்தால் கட்டளையை முடித்துக் கொடுக்க நேரம் இராது.

'விலைக்கு உள்பெட்டிக்கு வாருங்கள்' என்ற எமது பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஆளுக்கொரு விலையோ என்ற சந்தேகத்தை அது வளர்க்கிறது. விலையைப் போடும்போது முழு விலையையும் தபாற்செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முலாம் பூசியதை 'தங்கம்' என்று எழுதக்கூடாது, 'தங்க முலாம்' என்றே எழுத வேண்டும். ஊரில் 22 கரட்டுக்கு 916 பார்த்துப் பழகிய எமக்கு இங்குள்ள கடைகளின் 333, 585 முத்திரைகள் புதியவை. அவை ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பதைச் சொல்கின்றன. நிக்கல் ஒவ்வாமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் எல்லை வகுத்துள்ளது. தோலில் படும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 மைக்ரோகிராம், காது குத்திய துளைக்குள் போகும் கம்பியிலிருந்து 0.2 மைக்ரோகிராம் வரையே நிக்கல் வெளியேறலாம். எனவே கொக்கியையும் கம்பியையும் சான்று தரும் விற்பனையாளரிடம் வாங்குவதே பாதுகாப்பு.

எச்சரிக்கைக் கடிதம் வராதிருக்க

வணிகக் கணக்கு எதிலும் 'இம்பிரசும்' வேண்டும். பெயர், முகவரி, மின்னஞ்சல் தெரிய வேண்டும். தபால்பெட்டி இலக்கம் போதாது. இணையத்தில் வாங்கியவருக்கு 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு. அதை அறிவிக்காவிட்டால் அந்தக் காலம் மேலும் 12 மாதம் நீளும். வாடிக்கையாளர் சொன்ன அளவுக்கும் விருப்பத்துக்கும் தனியாகச் செய்து கொடுத்த நகைக்கு இவ்வுரிமை இல்லை. தபாலில் அனுப்பும் முதற் பெட்டிக்கே 'லூசிட்' பொதிப் பதிவேட்டில் பதிவும், பொதிக்கழிவு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமும் தேவை. 2024 டிசம்பர் 13 முதல் இணைய விற்பனையில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பொருளின் படம் ஆகியவற்றைக் காட்டுவதும் கட்டாயம்.

சென்னைக் கடையொன்றின் படத்தை எடுத்து எமது படம்போலப் போடுவதும், சினிமாப் பாடலை விளம்பரக் காட்சிக்குப் பின்னால் ஓடவிடுவதும் வழக்கறிஞரின் 'அப்மானுங்' கடிதத்தை வீட்டுக்கு அழைக்கும் வேலைகள். மணப்பெண்ணின் படத்துக்கு அவரது சம்மதத்தையும், சிறுபிள்ளையின் படத்துக்குப் பெற்றோரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எற்சி, ஈபே போன்ற தளங்கள் ஓராண்டில் 30 விற்பனையை எட்டியவர்களின், அல்லது 2,000 யூரோவுக்கு மேல் பெற்றவர்களின் விபரங்களை வரித்துறைக்கு அனுப்புகின்றன. 2023 முதல் இது நடைமுறையில் உள்ளது. தெரியாது என்று நாம் நினைக்கும் வருமானம் அங்கே பதிவாகிவிடுகிறது.

பதிவு செய்த வருமானம் எமக்கே துணை நிற்கும். நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது குடும்பத்தின் வாழ்வாதாரம் என்ன என்று கேட்கிறார்கள். அப்போது மேசையில் வைக்கக்கூடியது வரி அலுவலகத்தின் தீர்வுக் கடிதம். கையிற் பெற்று எழுதாமல் விட்ட பணம் அங்கே கணக்கில் வராது. இரவில் பிள்ளைகள் தூங்கிய பின் மணி கோர்க்கும் ஒரு தாயின் உழைப்பு அந்தக் கடிதத்தில் அவரது பெயரோடு நிற்க வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு கொப்பியும், ஒரு சிட்டைக் கோவையும், வாரத்தில் அரை மணி நேரமும்.