ஒராபி பாஷாவும் சித்திலெப்பையும்

எகிப்து எகிப்தியருக்கே என்று முழங்கிய அஹ்மத் உராபி பாஷா, 1882 செப்டம்பரில் தல்லுல் கபீர் களத்தில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றார். மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஜனவரியில் தோழர்கள் அறுவருடன் கொழும்பில் வந்திறங்கினார். இலங்கை முஸ்லிம்கள் அவரை ஒராபி பாஷா என்றழைத்தனர்.

உடன் வந்தவர்களுள் எகிப்தின் பிரதமராயிருந்த மஹ்மூத் சாமி அல்பாரூதியும் ஒருவர். நவீன அரபுக் கவிதையின் முன்னோடியான அவருடைய கவிதைகளை நடத்தும் நாம், அவற்றுட் பல தமிழ் வழங்கும் அண்டைத் தீவில் பிறந்தவை என்று மாணவர்க்குச் சொல்வதில்லை!

மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைகளின் மார்க்கம் பறிபோகும் என அஞ்சி, இலங்கைச் சோனகர் ஆங்கிலக் கல்வியினின்றும் ஒதுங்கியிருந்த காலம் அது. அஸ்ஹரில் ஓதிப் படைத்தலைவரான பாஷா அந்தக் கல்வியை ஆதரித்தார். 1892இல் கொழும்பு மருதானையில் எழுந்த ஸாஹிராவுக்கும் அவர் துணை நின்றார். இதனால் ஸாஹிராவை அவரே நிறுவினார் என எழுதுவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கண்டி வழக்கறிஞர் சித்திலெப்பை (1838-1898) ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தமிழில் தொடங்கியது 1882 டிசம்பரில். பாஷாவின் கப்பல் அப்போது கரை சேரவில்லை. விதை உள்ளூரது. தயங்கி நின்றோரை அசைத்தது பாஷாவின் மதிப்பு எனலாம்.

பார்வையிழந்த பாரூதி 1899இலும், கண்டிக்குக் குடிபெயர்ந்திருந்த பாஷா 1901இலும் தாயகம் திரும்பினர். பாஷா 1911இல் காலமானார். கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் பின்னர் அவர் பெயரால் அருங்காட்சியகமாயிற்று.