மோட்டார் வண்டியில் ஏறிய வானொலி

மோட்டார் வண்டியிற் செல்வோர் பாட்டுக் கேட்டுக்கொண்டே செல்லுதல் இக்காலத்தில் எவருக்கும் வியப்பளிப்பதன்று. கடையிலே கருவியை வாங்கி, விடுமுறை நாளொன்றின் முற்பகலில், திருப்புளி ஒன்றின் துணையுடன் தம் வண்டியில் தாமே அதனைப் பொருத்திக்கொள்வோர் பல நாடுகளிலும் உளர். ஆயினும் இவ்வெளிமை தானாக வந்து வாய்த்ததன்று. அறுபது ஆண்டுக்காலத் தொல்லைக்குப் பின்னரே அது கைகூடிற்று.

1922 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரின் லேன் உயர்நிலைப் பாடசாலையில் வானொலிக் கழகம் ஒன்று இருந்தது. அதன் தலைவனாயிருந்த 18 வயது மாணவன் ஜோர்ஜ் புரொஸ்ட் என்பான், ஃபோர்ட் ‘மொடல் டி’ வண்டி ஒன்றின் கதவிலே வானொலிப் பெட்டியைப் பொருத்திக் காட்டினான். வண்டியில் ஏறிய முதல் வானொலி இதுவே என்பர் பலர். முதல்வர் யார் என்னும் வழக்குகள் எளிதில் தீர்வனவல்ல, அதனை விட்டுவிடலாம். பெருங் கம்பனிகள் முன்வராத காலத்திலே பாடசாலைப் பிள்ளை ஒருவன் தன் கையாற் செய்து பார்த்தான் என்பதே இங்கு கருதத்தக்கது.

அக்காலத்தில் இவ்வேலை ஏன் அத்துணைக் கடினமாயிற்று? வால்வுகளால் இயங்கிய வானொலிக்கு நூறு வோல்ற்றை அண்டிய மின்னழுத்தம் வேண்டும். வண்டியின் பற்றரியோ ஆறு வோல்ற்றே தருவது. ஆகவே தனியாக உயரழுத்தப் பற்றரிகளை வாங்கி, வண்டியின் தரையை வெட்டி, அதன் கீழே பெட்டி அமைத்து வைக்கவேண்டியிருந்தது. ஏரியலுக்கு இடமோ கூரைதான். அந்நாளைய வண்டிக் கூரைகள் மரச் சட்டமும் துணியுமாக இருந்தமையால், உட்புறத் துணியைக் கிழித்துக் கம்பி வலையை விரித்து, மீண்டும் தைத்து மூடினர். இவ்வளவுஞ் செய்து முடித்தபின் எஞ்சினை இயக்கினால், பாட்டுக்குப் பதிலாகப் பொரிகடலை வறுப்பது போன்ற ஓசையே கேட்கும். எஞ்சினுள் பெற்றோலைக் கொளுத்தும் ஒவ்வொரு மின்பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம் போன்று அலை பரப்பியதே அதற்குக் காரணம். ஒவ்வொரு பிளக்கிலும் தடை ஒன்றை இணைத்தும், டைனமோவிலே கொண்டென்சர் பூட்டியும் அவ்வோசையை அடக்கினர். இருவர் சேர்ந்து பல நாள் உழைத்தாலன்றி இவை முடியா.

இத்தொல்லையைத் தம் வாணிகத்தின் வாய்ப்பாக மாற்றியவர் சிக்காகோவிற் சிறு தொழிலகம் நடத்திய போல் கல்வின். 1929 இன் பொருளாதார வீழ்ச்சியால் அவரது தொழில் தள்ளாடிற்று. வில்லியம் லியர், எல்மர் வேவரிங் ஆகியோரின் துணையுடன் விற்பனைக்குரிய வண்டி வானொலி ஒன்றை அவர் ஆக்கினார். கடன் கேட்கச் சென்றவிடத்து, வங்கியாளரின் வண்டியிலேயே ஒன்றைப் பொருத்திக் கொடுத்ததாகவும், அரைமணி நேரத்துள் அவ்வண்டி தீப்பற்றிக்கொண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கடன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 1930 ஜூன் மாதத்தில் அட்லான்ரிக் நகரிலே வானொலி உற்பத்தியாளர் மாநாடு கூடியது. கண்காட்சியில் இடம்பெற இயலாத கல்வின், தம் ஸ்ருடிபேக்கர் வண்டியை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, வருவோர் போவோர் செவியில் விழுமாறு வானொலியை உரக்க ஒலிக்கவிட்டார். கட்டளைகள் கிடைத்தன. அக்கருவிக்கு இடப்பட்ட மோட்டோறோலா என்னும் பெயரையே 1947 இல் கம்பனியும் தனக்குச் சூட்டிக்கொண்டது. அதன் விலை நூறு டொலருக்கும் அதிகம். விலை குறைந்த புதிய ஃபோர்ட் வண்டியே ஐந்நூறு டொலருக்குள் கிடைத்த காலம் அது. ஜேர்மனியில் 1932 இல் புளோபுங்ற் வெளியிட்ட கருவியும் 365 மார்க் விலையினதாய்ச் செல்வர்க்கே எட்டுவதாயிருந்தது.

எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. சாரதியின் கவனத்தை வானொலி சிதறடிக்கும் என்று கருதி, அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலே அதனைத் தடைசெய்யும் முன்மொழிவு எழுந்தது. அந்த அச்சத்தை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிடுதல் முறையன்று. ஆயினும் வானொலியே வென்றது.

முப்பதுகளில் அதிர்வி என்னும் சிறு கருவி வந்து, வண்டிப் பற்றரியின் ஆறு வோல்ற்றையே உயரழுத்தமாக மாற்றிக் கொடுக்க, தரையை வெட்டும் வேலை ஒழிந்தது. 1935 இன் வண்டிகளுக்கு ஜெனரல் மோட்டோர்ஸ் முழு உருக்குக் கூரை இட்டபோது கூரை ஏரியல் பயனற்றதாயிற்று. காலப்போக்கில் வெளியே நீட்டிநிற்கும் கம்பி அதன் இடத்தைப் பெற்றது.

1955 இல் கிறைஸ்லரும் பில்கோவும் முழுவதும் ட்ரான்சிஸ்ரரால் ஆன வண்டி வானொலியை அறிவித்தன. உயரழுத்தத் தேவை அத்துடன் நீங்கிற்று. புதியதொரு பொறி மாத்திரம் காத்திருந்தது. மொறிஸ் மைனர் முதலாய பிரித்தானிய வண்டிகளில் அறுபதுகளிலும் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இலங்கைத் தெருக்களில் ஓடிய அவ்வண்டிகளும் அத்தகையனவே. முனையை அறியாது ட்ரான்சிஸ்ரர் வானொலியைத் தலைகீழாக இணைத்தவர், பாட்டின் முதலடியைக் கேட்குமுன்னரே கருவியை இழப்பார்.

இத்தனைக்கும் பின்னர் பொருத்தும் வேலையைப் பொதுமக்கள் கையில் சேர்த்தது ஒரு துளையின் அளவே எனலாம். ஜேர்மன் தர நிறுவனம் வகுத்த 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட அளவு 1984 இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. எந்நாட்டுக் கருவியும் எந்நாட்டு வண்டியின் துளையிலும் புகத் தொடங்கிற்று. மஞ்சட் கம்பிக்கு என்றும் மின்னோட்டம், சிவப்புக் கம்பிக்குத் திறப்பைத் திருப்பும்போது மட்டும் மின்னோட்டம், கறுப்பு வண்டியின் உடலுக்கு என்ற வழக்கமும் பரவிற்று. பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு வேலை தொடங்கவேண்டும் என்னும் ஒரு விதியை மறவாதவர்க்கு வேறு ஆசான் வேண்டியிருக்கவில்லை.

புதிய வண்டிகள் பலவற்றில் அத்துளை இல்லை. பாட்டும், குளிரூட்டியும், பின்புறக் கமராவும் ஒரே கண்ணாடித் திரைக்குள் ஒடுங்கிவிட்டன. சிலவற்றில் அத்திரை அவ்வண்டியின் இலக்கத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிக் கொணர்ந்தது இயங்காது. முகவரின் கணினி இசைந்தாலன்றி உரிமையாளரின் திருப்புளிக்கு அங்கே வேலை இல்லை. பழைய வண்டிகளுக்கென 180 மில்லிமீற்றர் அகலமுள்ள கருவிகள் மட்டும் இன்றும் செய்யப்பட்டு விற்கப்படுகின்றன.