அகக்கண்ணும் காலையுணவு மேசையும்

காலையுணவு உண்ட மேசையை ஒருவர் மனத்திலே நினைத்துக்கொண்டால், அக்காட்சி ஒளியுடன் தோன்றுமா, மங்கித் தோன்றுமா? வண்ணங்கள் தெரியுமா? இவ்வெளிய வினாவைப் பலரிடம் கேட்டு, அவர்தம் விடைகளைப் பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1880ஆம் ஆண்டில் ‘மைண்ட்’ என்ற சஞ்சிகையில் வெளியிட்டார்.

முதலில் அவர் அணுகியவர்கள் விஞ்ஞானிகள். அவர்களுட் பெரும்பாலோர் அளித்த விடை அவரைத் திகைக்க வைத்தது. மனத்திற் படம் காண்பதென்பதையே தாம் அறியோம் என்றனர் அவர்கள். ‘அகக்கண்’ என்பது வெறும் உவமை என்றே அதுகாறும் எண்ணியிருந்தனர். பொதுமக்களை வினவியபோதோ, ஆடவர் பலரும், அவரினும் மிகுதியாகப் பெண்டிரும், சிறுவர் சிறுமியரும் தாம் தெளிவாகக் காண்பதாகக் கூறினர். கால்ற்றன் இரு சாரார் சொல்லையும் நம்பினார். வேறு வழியும் இல்லை. பிறர் உள்ளத்தை எட்டிப் பார்ப்பவர் யார்?

முப்பது ஆண்டு செல்லுமுன் அந்நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. படமேதுமின்றியும் எண்ணம் நிகழும் என்றனர், ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிற் கூல்ப்பேயின் மாணாக்கர். நுணுகி நோக்கின் அங்கும் புலனுணர்வின் சாயல் உண்டு என்றார், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து ரிச்சனர். இருவரும் காட்டிய சான்று தத்தம் உள்ளமே. 1913இல் ஜோன் வாற்சன் வழக்கையே தள்ளிவிட்டார். புறத்தே தெரியும் நடத்தையே உளவியலின் பொருள் என்றார், மனப்படத்தையே மறுத்தார்.

அதனால் உளவியலுக்கு அளவையின் உறுதி வாய்த்தது, உண்மையே. ஆயினும் படம் காணாதார் பற்றிய ஆய்வு நெடுங்காலம் பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. தாம் பிறரினின்று வேறுபட்டவர் என்பதை அறியாமலே வாழ்ந்து மறைந்தோர் எத்தனை பேரோ!

2015இலேயே அடம் சீமன் என்னும் ஆங்கிலேய நரம்பியல் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அந்நிலைக்கு ‘அபன்ராசியா’ எனப் பெயரிட்டனர். 2022இற் சிட்னி ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒளிமிக்க வடிவமொன்றை நினைக்கும்போது, பொதுவாக மாந்தரின் கண்மணி மெய்யொளி பட்டாற்போலச் சுருங்குகிறது. படம் காணாதாரிடத்து அச்சுருக்கம் காணப்படவில்லை. மெய்யொளிக்கோ அவர் கண்மணியும் சுருங்கியது. நான்கு வடிவங்களை ஒருங்கே நினைக்கச் சொன்னபோது அது விரிந்தது. முயற்சி இருந்தது, படந்தான் இல்லை. அகத்தின் சொல்லுக்குப் புறத்தே ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

எனினும் அச்சோதனைக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்த முறை பழையதுதான்: மனத்திற் படம் தோன்றுகிறதா என்று அவர்களையே கேட்டனர்.