புகை தேர்ந்த பூச்சி

படைத்தபடியே உயிர்கள் நிலைத்திருக்கின்றன என்போர், மான்செஸ்டர் நகரின் அந்துப்பூச்சிக்கு என்ன விடை கூறுவரோ! வெண்சிறகில் கரும்புள்ளி தெளித்த பூச்சி அது. வெளிர்ந்த மரப்பட்டையில் அமர்ந்தால் பறவையின் கண்ணுக்குப் புலப்படாது. 1848இல் அங்கே கறுத்த பூச்சியொன்று பிடிபட்டது. ஆலைப்புகையோ மரங்களைக் கருக்கிற்று. வெள்ளை இரையாயிற்று, கறுப்பு பிழைத்து இனம் பெருக்கிற்று. 1895இல் நூற்றுக்கு 98 கறுப்பு!

புகை பூச்சிக்குச் சாயம் பூசிற்று என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! என் வகுப்பிலும் அப்படித்தான் எண்ணினர். கறுப்பு, மரபணுவில் தற்செயலாய் நேர்ந்த மாறுதல். எது பிழைப்பது என்பதையே சூழல் தேர்ந்தது.

1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றிற்று. புகை குறைய, மரங்கள் வெளுத்தன, கறுப்பு அருகிற்று. ஐயுற்றோரும் இருந்தனர். கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜெரஸ் 2007 வரை ஆறாண்டுகள் 4,864 பூச்சிகளை விட்டு நோக்கினார். பறவைகள் மிகுதியாகக் கொத்தியது கறுப்பையே.