கிஷன் சிங் சுடப்பட்ட காட்சி: ‘தி கிளாஸ் பேலஸ்’ நாவலும் செங்கோட்டை வழக்கும்

அமிதாவ் கோஷின் ‘தி கிளாஸ் பேலஸ்’ (2000) நாவலின் போர்ப் பகுதியை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் அர்ஜுன் ராயைச் சுற்றியே வந்திருக்கிறார்கள். டேராடூன் இராணுவக் கழகத்தில் பயின்றவன். ஆங்கில அதிகாரிகளின் உணவு மேசையில் இடம் கிடைத்ததை விடுதலையாகவே கருதியவன். 1941 டிசம்பரில் மலாயாவின் ஜித்ராவில் தோல்வியைச் சந்தித்தபின் எதிரணிக்கு மாறியவன். அவன் மனம் இரண்டாகப் பிளக்கும் இடமே நாவலின் உயிர்நிலை என்பது அவ்வாய்வுகளில் ஏறக்குறைய முடிந்த முடிபு. அவனுடைய ஆர்டர்லியான கிஷன் சிங் பர்மாவில் சுடப்படுவதோ அர்ஜுனின் துயரத்துக்கு இட்ட அடிக்குறிப்பாகவே பேசப்பட்டு வருகிறது.

இக்கட்டுரை அந்த வரிசையை மாற்றிப் பார்க்கிறது. கிஷன் சிங்கின் மரணத்தை ஒரு குறியீடாக அல்லாமல், 1945இன் இறுதியில் டெல்லி செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஒரு குற்றச்சாட்டின் அருகில் வைத்துப் படித்தால், ‘இரண்டுபட்ட விசுவாசம்’ என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருப்பது யாருடைய சிக்கல் என்ற கேள்வி எழுகிறது.

காட்சி இதுதான். அர்ஜுன் மாறிச் சென்ற இந்திய தேசிய இராணுவம் (ஐ.என்.ஏ.) பர்மாவில் சிதறிக்கொண்டிருக்கிறது. படையை விட்டு ஓட முயன்ற கிஷன் சிங் பிடிபட்டு அர்ஜுன் முன் கொண்டுவரப்படுகிறான். அர்ஜுன் தானே அவனைச் சுடுகிறான். ஜித்ராவில் அடிபட்டுக் கிடந்த அர்ஜுனோடு ஒரு மதகுக்குள் ஒளிந்திருந்து காயத்தைப் பார்த்துக்கொண்டவன் இதே கிஷன் சிங். அந்த மதகுக்குள்தான் அச்சத்தைப் பற்றி அவன் பேசுகிறான். ஜப்பானியரைக் கண்டு அஞ்சுகிறோமா, ஆங்கிலேயரைக் கண்டு அஞ்சுகிறோமா, நம்மையே கண்டு அஞ்சுகிறோமா என்று போகும் அந்தப் பேச்சில் ஒரு சிப்பாயின் அறிவு அதிகாரியின் அறிவை முந்திக்கொண்டு நிற்கிறது.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம்: அர்ஜுன் தன்னுள் இருக்கும் ஏவலாளைக் கொல்கிறான், பேரரசு தன் பிள்ளைகளைக் கொண்டே தன் பிள்ளைகளைக் கொல்கிறது. விளக்கம் அழகானதுதான். ஆனால் சுடப்பட்டவன் அதில் எங்கே போனான்? சுட்டவனின் உள்ளத்தில் ஒரு பாகமாகக் கிஷன் சிங் கரைந்துவிடுகிறான். அவனுக்கென்று ஊர் உண்டு, உயிராசை உண்டு, ஓடிப்போக அவனுக்கென்று ஒரு காரணம் இருந்திருக்கும் என்பதெல்லாம் வாசிப்பிலிருந்து விலகிவிடுகின்றன.

இனி வழக்கு. 1945 நவம்பர் 5ஆம் நாள் தொடங்கிய முதல் செங்கோட்டை விசாரணையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் கூண்டில் நின்றனர். அரசருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நாடெங்கும் முழங்கியதும் அதுதான். அத்துடன் இன்னொரு வகைக் குற்றச்சாட்டும் இருந்ததை நம் பொது நினைவு நழுவவிட்டுவிட்டது. ஹரி சிங், துலி சந்த், தர்யாவ் சிங், தரம் சிங் என்ற நால்வரை 1945 மார்ச் 6ஆம் நாளையொட்டிப் பர்மாவின் போபா குன்றுப் பகுதியில் சுட்டுக்கொல்லச் செய்ததாகத் தில்லான்மீது கொலைக் குற்றமும், அதற்கு உடந்தையாக இருந்ததாகச் சேகல்மீது இன்னொரு குற்றமும் சுமத்தப்பட்டன. ஐ.என்.ஏ.வை விட்டு ஓட முயன்றதும் எதிரியோடு தொடர்புகொள்ள முயன்றதுமே அந்நால்வர்மீது கூறப்பட்ட குற்றம். முகமது ஹுசேன் என்ற பீரங்கிப் படை வீரரின் கொலைக்கு உடந்தை என்பது ஷா நவாஸ்மீதான குற்றச்சாட்டு. தில்லானும் சேகலும் கொலை தொடர்பான குற்றங்களிலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஷா நவாஸ் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மூவருக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையைத் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் தள்ளுபடி செய்ய, 1946 சனவரித் தொடக்கத்தில் மூவரும் வெளியே வந்தனர்.

எதிர்வாதம் செய்த புலாபாய் தேசாய் எடுத்து வைத்த வாதம் இங்கே மிகவும் பொருட்படுத்த வேண்டியது. 1943 அக்டோபர் 21இல் அறிவிக்கப்பட்ட ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு போர் நடத்தும் உரிமை பெற்ற அரசு. அதன் படைக்குத் தனிச் சட்டம் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கைகள் அச்சட்டத்தின்படியே நடந்தன என்பது அதன் சாரம். அந்த ஐ.என்.ஏ. சட்டமோ பழைய இந்திய இராணுவச் சட்டத்தை அடியொற்றியே எழுதப்பட்டது. கொடி மாறியது, பாடல் மாறியது, முழக்கம் மாறியது. ஓடிப்போகிற சிப்பாய்க்குக் காத்திருந்த தண்டனை மாறவில்லை.

கிஷன் சிங்கின் காட்சி இந்த இடத்தில்தான் வேறு முகம் காட்டுகிறது. அர்ஜுன் ஒரு விசுவாசத்தைக் கைவிட்டு இன்னொன்றைத் தேர்ந்தவன். அந்தத் தேர்வுக்கு இரவெல்லாம் நீளும் உரையாடல்கள் இருந்தன; ஹார்டி போன்ற தோழர்கள் இருந்தார்கள்; கட்டளைத் தளபதி பக்லேண்டின் முகத்தைப் பார்த்து விடைபெறும் வாய்ப்பும் இருந்தது. கிஷன் சிங்கோ அர்ஜுன் போன இடத்துக்குப் போனான். ஒரு முறை அணி மாறிய அதிகாரி நாவலில் வீரனாகிறான். இரண்டாம் முறை அணி மாற முயன்ற சிப்பாய் குற்றவாளியாகிறான். முதல் மாற்றத்துக்கு நியாயம் உண்டென்றால் இரண்டாவதற்கு ஏன் இல்லை என்று கேட்கும் துணிவு அர்ஜுனுக்கு இல்லை. அந்தக் கேள்வியை வாசகர் கேட்கும்படி கோஷ் காட்சியை அமைத்திருக்கிறார் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

போபா வழக்கை மனத்தில் வைத்துத்தான் கோஷ் இதை எழுதினார் என நிறுவ இங்கே முயலவில்லை. நாவலில் அந்நால்வரின் பெயர்கள் இல்லை. ஆயினும் தம் தந்தை பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரியாகப் பர்மாப் போரில் இருந்ததைக் கோஷ் நூலின் பின்குறிப்பிலேயே சொல்கிறார். ஐ.என்.ஏ.வுக்கு எதிர்வரிசையில் நின்ற ஒருவரின் மகன், ஐ.என்.ஏ.வுக்குள்ளேயே சுடப்பட்ட ஒருவனைக் கதையின் முக்கியமான திருப்பத்தில் நிறுத்துவது தற்செயலாகத் தோன்றவில்லை. இத்தகைய வாசிப்பு ஐ.என்.ஏ.வின் தியாகத்தைக் கொச்சைப்படுத்தும் என்றொரு தடை எழக்கூடும். வெளிப்படையான நீதிமன்றத்தில் பேசப்பட்டதை ஆய்வு மூடிவைப்பதால் எந்தத் தியாகமும் உயர்ந்துவிடாது.

நாவலின் காதல்கள் பற்றியும் ஒரு சொல். கெடாவில் ஜெராய் மலைச்சரிவில் உள்ள மார்னிங்சைடு ரப்பர் தோட்டத்தில் தினு, அலிசன், அர்ஜுன் மூவருக்கிடையே நிகழ்வதை மிகையுணர்ச்சி என்று தள்ளியவர்கள் உண்டு. தினு பாசிச எதிர்ப்பில் உறுதியானவன். அதனால் பிரிட்டன் வெல்ல வேண்டும் என நினைக்கிறவன். அலிசனை இழந்த இருவரும் அரசியலிலும் எதிரெதிரே நிற்பது கதைக்குத் தேவையான அமைப்புத்தான். ஆனால் நாவலின் போர்ப் பகுதியில் மிக நெருக்கமான உறவு அர்ஜுனுக்கும் கிஷன் சிங்குக்கும் இடையிலானதே. ஒருவன் மற்றவனின் உடையை, உணவை, காயத்தை, அவமானத்தை அறிந்திருக்கிறான். ஏவலும் அன்பும் பிரித்தறிய முடியாதபடி பின்னிக்கிடந்த அந்த உறவைக் காதல் என்று சொல்லத் தயங்கலாம். விசுவாசம் என்று மட்டும் சொன்னால் போதாது.

மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. அதைத் தமிழ் வாசகர் தவறவிட முடியாது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் எந்த அரசருக்கும் இராணுவ உறுதிமொழி எடுத்தவர்களல்லர். உடைப்பதற்கு அவர்களிடம் உறுதிமொழியே இல்லை. கடைசிக் கட்டத்தில் பழைய தொழில்முறைச் சிப்பாய்கள் விலகிப்போக, தோட்டத்து ஆட்கள் நிலைத்து நிற்பதை அர்ஜுன் வியப்போடு கவனிக்கிறான். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. தோட்டம் எதுவோ அதற்கு நேர் எதிரானது எதுவோ, அதுவே அவர்களுக்கு இந்தியா. இவர்களை ‘இரண்டுபட்டவர்கள்’ என்ற பெட்டிக்குள் அடைக்கும் ஆய்வுகள் அதிகாரிகளின் மனநிலையை எல்லோர்மீதும் போர்த்திவிடுகின்றன.

இதே உலகத்தை உள்ளிருந்து எழுதிய ப. சிங்காரத்திடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1938இல் மேடான் சென்று வட்டிக்கடையில் வேலை பார்த்தவர் அவர். ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாவலின் செல்லையா பினாங்கில் கடையாள், ஐ.என்.ஏ.வில் சேர்ந்து மீள்கிறான். அவன் விரும்பும் மரகதத்தை அவளுடைய தந்தையும் அவன் முதலாளியுமான வயிரமுத்துப் பிள்ளை கொடுக்க மறுக்கிறார். துப்பாக்கி பிடித்தவன் இனிக் கடையில் அடங்கி உட்கார மாட்டான் என்பது அவர் கணக்கு. அரசர், பேரரசு, உறுதிமொழி எதுவும் அந்த மறுப்பில் இல்லை. பேரேடும் பெட்டியடியும் இருக்கின்றன. அர்ஜுனை அளக்கும் கோலால் செல்லையாவை அளந்தவர்கள் அதை வெறும் காதல் தோல்விக் கதையாகக் கண்டதில் வியப்பில்லை. கோஷின் தோட்டத் தொழிலாளரையும் சிங்காரத்தின் கடையாட்களையும் ஒருங்கே வைத்து, உறுதிமொழி எடுக்காத இந்தப் படைவீரர்களைத் தனித் தொகுதியாக ஆராயும் வேலை இன்னும் தொடங்கப்படவே இல்லை.