நோயும் நிலப்படமும்

நோய் பரவும் நெறியை நிலப்படத்தில் வரைந்து ஆராயும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சிறப்புற வளர்ந்தது. அம்முறையின் பயனையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்துவது, 1854 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியைப் பீடித்த வாந்திபேதியின் வரலாறாகும்.

ஓகஸ்ட் மாத இறுதியில் மூண்ட அந்நோய் சில வாரங்களுள் 600 பேருக்கு மேற்பட்டோரை மாய்த்தது. நச்சுக்காற்றே அதற்குக் காரணம் என்பது அக்கால மருத்துவர் பலரின் துணிபு. மாசுற்ற நீரே காரணம் எனக் கருதிய மருத்துவர் ஜோன் ஸ்னோ, புறோட் வீதிக் கிணற்றின்மீது ஐயங்கொண்டு, செப்டெம்பர் 7 ஆம் நாள் அவ்வட்டாரச் சபையாரிடம் முறையிட்டார். மறுநாள் அக்கிணற்றுப் பம்பின் கைபிடி அகற்றப்பட்டது. எனினும் நோயின் வேகம் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்தது.

ஸ்னோவின் நிலப்படத்தைக் கண்டவுடன் அறிஞர் யாவரும் தெளிவுற்றனர் எனக் கூறுவாருளர். அஃது உண்மையன்று. படம் அச்சேறியது 1855 இலேயாம். கழிவுநீர்க் கால்வாய்களை மேற்பார்த்த ஆணைக்குழுவின் பொறியியலாளர் எட்மண்ட் கூப்பரும் மரணங்களைப் படத்திற் குறித்தார். ஆயின் அவர் ஆராய்ந்தது கால்வாய்களையே. நோய் ஒன்று, வீதிகளும் அவையே; வினா வேறாகவே விடையும் வேறாயிற்று. அரசின் சுகாதாரச் சபை அமைத்த குழுவும் 1855 இல் ஸ்னோவின் கொள்கையை ஏற்கவில்லை.

ஸ்னோவின் வலிமை புள்ளிகளைக் குறித்ததில் மட்டும் அமைந்ததன்று. விலக்குகளை வினவியதிலும் அமைந்தது. அருகிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேருள் ஐவரே இறந்தனர். அங்கே தனிக்கிணறு இருந்தது. தொலைவிலுள்ள ஹாம்ஸ்ரெட்டில் ஒரு கைம்பெண் இறந்தார்; அவர் புறோட் வீதி நீரை வருவித்துப் பருகியவர். முதலில் ஸ்னோவை ஐயுற்ற ஹென்றி வைற்ஹெட் பாதிரியார், வீடுவீடாக விசாரித்தபின் அவர் பக்கம் சார்ந்தார்.

2020 சனவரியில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் கொரோனாத் தொற்றைக் காட்டும் கணினி நிலப்படத்தை வெளியிட்டது. எவரும் விரும்பிய நாட்டைத் தொட்டு நோக்க அஃது இடந்தந்தது, உலகெங்கும் பயன்பட்டது. ஆயினும் அதன் செந்நிற வட்டங்கள் நோயாளர் தொகைக்கேற்பவே பருத்தன. குடிசனத்தொகையோடு ஒப்பிட்டுக் காட்டவில்லை. வட்டத்தின் பருமனை மட்டும் கண்டு ஆபத்தை அளந்தோர் பிழைபட ஏதுவிருந்தது.

ஆதலின், சுகாதாரத் திட்டம் வகுப்போர்க்கு வேண்டுவது அழகிய படமன்று. நீர்நிலை, குடிசனத்தொகை, நடைத்தூரம் ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்துத் தம் வினாவைத் தாமே தொடுக்க இடந்தரும் படமே வேண்டும். வீதியை நன்கறிந்த ஊழியரும் எளிதிற் கையாளத்தக்கதாய் அஃது அமைதல் வேண்டும். வினவத் தெரியாதார் கையில் எந்நிலப்படமும் வாய்பேசாது.